பத்திலிருந்து பத்தொன்பது வரை

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரே வாரத்தில் அவளுக்கு 'அமுக்குணி' என்று பெயர் விழுந்தது. வாயைத் திறக்க மாட்டாள், முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள், ஏதாவது கேட்டால் சிரிப்பாள். தலைக்கனம் என்று சிலர் நினைத்தார்கள். அவர்கள் அப்படி நினைப்பதே அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இருபத்திரண்டு வயது வரை அவள் கட்டிக்காத்த ரகசியம் ஒன்றுதான்: அவளுக்குத் திக்கும்.

எல்லா எழுத்திலும் இல்லை. 'ப' வந்தால்தான் உதடு ஒட்டிக்கொண்டு திறக்காது. அதனால் பஸ்ஸை வண்டி என்பாள். போனில் பேச வேண்டியதையெல்லாம் அக்கா பேசிவிடுவாள். நேர்முகத் தேர்விலேகூடத் தொண்டை கட்டியிருப்பதாகத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டித் தப்பித்திருந்தாள்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டாள். டோக்கன் நம்பர் சொல்லி அழைப்பது, பெயர் கேட்டுச் சரிபார்ப்பது, ரத்தம் எடுப்பது எல்லாம் இவள் தலையில் விழுந்தது. ஒன்பது வரை பெயர் கேட்காமல் நம்பரை மட்டும் சொல்லி அழைத்ததில் தட்டுத் தடங்கல் இல்லை. அடுத்தது பத்து. பத்தொன்பது வரை எல்லாமே 'ப'வில் தொடங்கும். 'பேர் என்ன' என்று கேட்பதிலும் அதே 'ப'. கதவருகே நின்று, வரிசையில் அடுத்து இருந்தவரைப் பார்த்துக் கையை அசைத்தாள். அவர் எழுந்து வந்தார். இவ்வளவுதானே என்று தோன்றியது.

பதினைந்தாவதாக ஒரு பெரியவர் வந்தார். பதினைந்தாம் லேபிள் ஒட்டிய குப்பியில் அவர் ரத்தத்தைப் பிடித்தாள். அவர் படியிறங்கிப் போன சற்று நேரத்தில் இன்னொருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பதினஞ்சு நான்தாம்மா. பாத்ரூம் போயிருந்தேன். நாளைக்கு எனக்கு ஆபரேஷன். ரத்த குரூப் பார்த்துட்டு வரச் சொல்லியிருக்காங்க."

அவள் பதினைந்தாம் குப்பியை எடுத்துப் பார்த்தாள். லேபிளைக் கிழித்து வேறு ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் போனவர் பதினாறுதானா? பதினேழாக இருந்தால்? சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவைப் போனில் அழைத்தாள்.

"யாருகிட்ட என்ன சொல்லணும்? நம்பரைக் குடு, நான் பேசிக்கிறேன்" என்றாள் அக்கா, வழக்கம்போல.

கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் நாளைக்கு? ஒவ்வொருவர் பெயரையும் அக்காவா வந்து கேட்பாள்?

"வேணாம்க்கா" என்று போனை வைத்தாள்.

ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடும் டாக்டரம்மா கண்டிப்பானவர். அவர் மேசை முன்னால் போய் நின்றாள்.

"ப... ப..."

"பர்மிஷனா?" டாக்டரம்மா தலை நிமிரவில்லை.

இல்லையென்று தலையாட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. "ப... பதினஞ்சாம் குப்பியில இருக்கிறது வேற ஒருத்தரோட ரத்தம் மேடம். நான் பே... பேரு கேக்கல. எனக்குத் திக்கும்."

பேனா நின்றது. "இதை இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"ப... பயம் மேடம்."

"நாளைக்கு ஒரு உயிர் போயிருந்தா?"

டாக்டரம்மா அந்தக் குப்பியைத் தூக்கிப்போடச் சொன்னார். பதினைந்தாமவருக்குப் புதிதாக எடுக்கச் சொன்னார். காத்திருந்தவர்களை எண்ணிப் பார்த்ததில் பதினாறு மட்டும் இல்லை. பதிவேட்டில் அவருடைய போன் நம்பர் இருந்தது. "நீயே போன் பண்ணிக் கூப்பிடு" என்றார்.

முதல் முறை அவள் உதடு திறப்பதற்குள் பெரியவர் நாலு 'ஹலோ' சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி போட்டாள். "எனக்குத் திக்கும். வச்சிடாதீங்க."

இந்த முறை பெரியவர் வைக்கவில்லை. "சரி, சொல்லும்மா."

சொல்லி முடிக்க நான்கு நிமிடமானது. அவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மாடியேறி வந்தார். மாலையில் பார்த்தபோது இருவரின் ரத்த குரூப்பும் வேறு வேறாக இருந்தது.

விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'கவனக்குறைவு' என்று எழுதி அடித்தாள். பிறகு, 'எனக்குத் திக்குவாய். அதை மறைத்தேன்' என்று எழுதினாள். அந்தச் சொல்லைத் தன்னைப் பற்றி அவள் எழுதியது அதுதான் முதல் முறை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள்.

பயம் போய்விடவில்லை. இன்றும் அந்தக் கதவருகே நிற்கும்போது உள்ளங்கை வேர்க்கிறது. போன வாரம் ஒருவர் பொறுமையிழந்து, "என்னம்மா, பேச்சு வரலியா?" என்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"வரும் சார்" என்றாள். "கொஞ்சம் பொ... பொறுங்க."