என்னைத் தாண்டாத பந்து

நான் முன்கோபக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தூத்துக்குடியில் துரைமார்கள் விட்டுப்போன மணல் மைதானத்தில் திரேஸ்புரத்து இளைஞர்கள் நாலு பேருக்குச் சம்பளமில்லாமல் கோல்ஃப் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் துரைமார்களுக்கு மட்டைப் பை சுமந்தவர்கள். நானோ புத்தகம் படித்துக் கற்றவன். ஆனால் ஏலத்தில் எடுத்த மட்டைகள் என்னுடையவை.

முதல் நாளே அவர்களில் ஒருவனான சவரியின் பந்து என் பந்தைத் தாண்டி விழுந்தது. "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதலே" என்று அதட்டினேன். அதன்பின் ஒரு வருடம் யாருடைய பந்தும் என் பந்தைத் தாண்டவில்லை. இவர்களுக்கு இது வராது என்று வீட்டில் சலித்துக்கொள்வேன்.

ஒரு நாள் சீக்கிரமாகவே போய்விட்டேன். என்னைக் கவனிக்காத சவரி, வளைந்த பனைமட்டையால் ஒரு பழைய பந்தை ஓங்கி அடித்தான். அது நான் ஒருநாளும் எட்டாத உடைமரத்தடியில் போய் நின்றது.

"ஏலே, எனக்கு முன்னால ஏன் இப்படி அடிக்கல?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஒங்களுக்குக் கோவம் வருதே சார். நாளைக்கு நீங்க வராம இருந்துட்டியன்னா? மட்டை ஒங்ககிட்டல்லா இருக்கு."

நான் மட்டையை அவனிடம் நீட்டினேன்.

முப்பது வருடம் என் வகுப்பில் விடை சொல்லாமல் எழுந்து நின்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நிஜமாகவே விடை தெரியாது என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.