ஆறரைக்கு மூடும் கேட்டும் ஒரு சிறப்பம்சம்

எதிர்வீட்டுப் பெண் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அக்கா, இதுல என்னதான் சொல்ல வர்றாங்க?" என்று கேட்டபோதுதான் அந்த யோசனை வந்தது.

அவள் பிளஸ் டூ முடித்தவள். போனில் இருந்தது நான் ஆராய்ச்சி மாணவியாகக் குப்பை கொட்டும் அரசுப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கம். தலைப்பு, 'வருங்கால மாணவர்களுக்கு ஒரு கண்ணோட்டம்'. படித்தேன். மறுபடியும் படித்தேன். உலகத்தரம் இருந்தது. ஆளுமை வளர்ச்சி இருந்தது. பசுமை வளாகம் இரண்டு தடவை இருந்தது. என்ன சொல்லிக்கொடுப்பார்கள், சோறு எப்படி இருக்கும் என்ற அற்ப விஷயங்களுக்கு மட்டும் பாவம் இடம் பத்தவில்லை. படத்தில் சலவை செய்த வெள்ளைக் கோட்டில் நாலு பேர், குடுவையில் இருந்த நீலத் தண்ணீரை, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு பேரையும் எங்கள் துறையில் இதுவரை யாரும் நேரில் கண்டதில்லை.

"விடு, நானே எழுதித் தர்றேன்" என்றேன்.

அவசரம் இருந்தது. அவளுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர ஆசை. அவள் அப்பாவுக்கு ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சேர்க்க ஆசை. காரணம் கம்ப்யூட்டர் இல்லை, மஞ்சள் பஸ். அது அதியமான்கோட்டைக்குள் வந்து அவர்கள் வீட்டு வாசலிலேயே நிற்கும். கல்லூரிக்காரர்கள் வீடு தேடி வந்து காபி குடித்து, காலண்டர் கொடுத்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்று போயிருந்தார்கள். எங்கள் பல்கலைக்கழகம் யார் வீட்டுக்கும் போகாது. தேடிப் போனாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

உட்கார்ந்து எழுதினேன். உண்மையை மட்டும் எழுதினேன். எங்கள் ஆய்வகத்துப் பெரிய இயந்திரம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு உறைக்குள் இருக்கிறது, தூரத்தில் நின்று தரிசிக்கலாம். சாம்பாரில் பருப்பு உண்டு என்பது இன்னும் நிரூபிக்கப்படாத கருத்து. நூலகம் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும், பெண்கள் ஹாஸ்டல் கேட்டை ஆறரைக்கே பூட்டிவிடுவார்கள், மிச்ச நேரத்துப் புத்தகங்களை ஆண்களே படித்துத் தீர்த்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில். நல்லதையும் மறைக்கவில்லை. பேராசிரியரிடமே எதிர்க்கேள்வி கேட்கலாம், நாலு மாநிலத்துப் பிள்ளைகளோடு பழகலாம், கருத்தரங்குக்கு ஊர் ஊராகப் போகலாம்.

இன்று காலை அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். அவள் அப்பா தக்காளியைத் தரம் பிரித்து கிரேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிய இயந்திரத்துக்கு அவர் நிமிரவில்லை. ஹாஸ்டல் கேட்டைப் பற்றி வாசித்ததும் நிமிர்ந்தார்.

"ஆறரைக்கேவா? பூட்டே போட்டுருவாங்களா?"

"போட்டுருவாங்க மாமா. அந்தக் கொடுமையத்தான் எழுதியிருக்கேன்."

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?" வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார். "ஏய், இங்க வா! ஆறரைக்கே பூட்டிர்றாங்களாம்!"

அவள் அம்மா கரண்டியோடு வந்து, "நெசமாவா கண்ணு? வார்டன் கண்டிப்பானவங்களா?" என்றார்.

"பேய் மாதிரி இருப்பாங்க அத்தை."

"பரவால்லையே" என்றார் அத்தை, மனசு குளிர்ந்து.

நான் விஷம் தடவி எழுதியதெல்லாம் தேன் மாதிரி இறங்கியது. அந்தத் தெம்பில், தேன் தடவி எழுதிய பகுதிக்குப் போனேன். அங்கேதான் சறுக்கியது.

"நாலு மாநிலத்துப் பிள்ளைங்கன்னா? பசங்களுமா?"

"பசங்களும்தான் மாமா. போன வருசம் புவனேஸ்வர் கருத்தரங்குக்கு நான் தனியாவே ரயில்ல போய்ட்டு வந்தேன்."

"தனியாவா! உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"அப்பாதான் ஸ்டேஷன்ல ஏத்திவிட்டாரு."

"அவன் அப்டித்தான்" என்று அடுத்த தக்காளியை எடுத்துவிட்டார். கதவோரம் நின்றிருந்தவள், "அப்பா, அந்தக் காலேஜுல கெமிஸ்ட்ரியே இல்லப்பா" என்றாள். "பஸ்ஸு இருக்குதுல்ல" என்றார்.

நிரம்பிய கிரேட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு அவரே, "ஆராய்ச்சி ஆராய்ச்சின்றியே, அங்க நீ என்னதாம்மா பண்ற?" என்றார்.

என் மேடை வந்துவிட்டது. தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடை ஒரு புதுப் பொடியைப் போட்டு எப்படி இழுத்தெடுக்கிறோம் என்று கையை ஆட்டி விளக்கினேன். எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு முன்னுரை வேண்டாம். பாதிப் பேர் பல்லில் அந்தப் பழுப்புக் கறை எழுதியிருக்கிறது. அந்தப் பெண் சிரிக்கும்போது உதட்டை மூடிக்கொள்வதும் அதனால்தான்.

"எந்த ஊருத் தண்ணிக்கா?" என்று கேட்டாள்.

"லேப்லயே தயார் பண்றது. சுத்தமான தண்ணில அளவா ஃப்ளோரைடு கலந்து..."

"அப்போ நீங்களே போட்டு, நீங்களே எடுக்குறீங்களா?"

அவள் அப்பா ஒரு கிரேட் தக்காளியும் குலுங்கும்படி சிரித்தார். எனக்குச் சுர்ரென்றது. என் ஆய்வறிக்கையின் முதல் வரி தருமபுரி மாவட்டம்தான். இரண்டாவது வரியிலிருந்து அது வருவதில்லை. எங்கள் துறையின் கருத்தரங்குகளில் டீ பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்த யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. என் கைடு உட்பட. நான் உட்பட.

"மாமா, இந்த மாதிரி கேக்குற புள்ளையத்தான் அங்க சேக்கணும்" என்றேன். முதல் தடவையாக நையாண்டி இல்லாமல் பேசியிருந்தேன்.

சிரிப்பை நிறுத்தி மகளைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். "வூட்டுப் போர்க் கெணறு ஒண்ணு, காட்டுல ஒண்ணு. கொழாயில ஒகேனக்கல் தண்ணி வராத நாளைக்கு எதுல சமைக்கிறதுன்னு உங்க அத்தை தெனம் சண்டை. எதுல கம்மின்னு கண்டுபுடிச்சு சொல்லுங்க ரெண்டு பேரும். அதுவரைக்கும் பஸ்ஸுக்காரனுக்கு நான் பதில் சொல்லல. ஆனா வெள்ளிக்கிழமை, ஞாபகம் வெச்சுக்க."

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் போகிறோம். இரண்டு பாட்டிலையும் அவளே கழுவி, அவளே பிடித்து, எது எந்தப் போர் என்று ஒட்டி வைத்திருக்கிறாள். ஃப்ளோரைடு அளக்கும் கருவி மூலை மேசையில்தான் இருக்கிறது. ஆனால் புராஜெக்டில் இல்லாத தண்ணீரை அதில் அளக்கக் கைடின் அனுமதி வேண்டும். அவர் மத்தியானம் உலகத்தர மாநாடு ஒன்றுக்குக் கிளம்புகிறார். அதற்குள் அவர் அறை வாசலில் அவரை மறிக்க வேண்டும். பேசுவது நானில்லை. அவளை முன்னால் நிறுத்திக் கேட்கவைத்துப் பார்க்கப் போகிறேன்.