வசந்திக்குக் கிடைக்காத இரண்டாம் வருடம்

வசந்தி நேற்று மதியம் போய்விட்டாள். எலிக்காய்ச்சல். முப்பத்தொரு வயது...

அவளுடைய அம்மாதான் போன் செய்தார். "புள்ள, வசந்தி போயிருச்சு." அதற்குமேல் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இங்கே என் பதிவுகளைப் படிக்கிற பலருக்கு அவளைத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால், கூடலூரில் ஒரு காட்டுயிர் பாதுகாப்பு அமைப்பில், இளம் ஆய்வாளர்களுக்கான ஃபெலோஷிப்பில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்தோம். நான் கோயமுத்தூரிலிருந்து போனவள். அவள் சேரம்பாடிப் பக்கம் ஒரு தனியார் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம், அம்மா கொழுந்து பறிப்பவர். அந்த லயத்தில் எம்.எஸ்ஸி. முடித்த முதல் ஆள் அவள்தான்.

முதல் நாள் "ஏனுங்க, உங்க ரூம் எதுங்க?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "நமக்கு ஒரே வயசுதான புள்ள. இத்தன 'ங்க' போட்டா நான் கெழவி ஆயிருவேன்."

தேயிலை விலை விழுந்து கிடந்த நேரம் அது. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடாது. அவர்கள் எஸ்டேட்டில் பாதியைப் பறிக்காமலேயே விட்டுவிட்டார்கள். செடி மரமாகிவிட்டது. பகலிலேயே உள்ளே யானை நிற்கும், பத்தடியில் நடந்தாலும் தெரியாது.

அதுதான் அவளுடைய ஆய்வு. கைவிட்ட தேயிலைக்குள் எந்த மிருகம் எப்போது வருகிறது... வேலைக்குப் போகிறவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள்...

ஒரு தடவை, காட்டில் கட்டி வைத்த கேமராவில் கடமானுக்கும் கரடிக்கும் நடுவே அவள் அம்மா பதிவாகியிருந்தார். தலையில் விறகுக்கட்டு. மனிதர்கள் வந்தால் 'இடையூறு' என்று குறிக்கச் சொல்லியிருந்தார்கள். வசந்தி, பட்டியலில் 'இனம்' என்ற கட்டத்தில் 'அம்மா' என்று டைப் செய்து அனுப்பிவிட்டாள்.

ஆபீஸிலிருந்து திருத்தச் சொல்லி மெயில் வந்தது. "எங்கம்மா நடந்து நடந்து போட்ட பாதைலதான் யானையே நடக்குது. யாருக்கு யாரு இடைஞ்சல்?" என்றாள். கடைசிவரை திருத்தவே இல்லை.

வருடக் கடைசியில் சொன்னார்கள், நிதி குறைந்துவிட்டது, இரண்டாம் வருடம் ஒருவருக்குத்தான் என்று. குன்னூரில் இன்டர்வியூ. எதிரில் மூன்று பேர். எங்கள் இருவரையும் சேர்த்தே உட்கார வைத்தார்கள்.

வசந்திக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும், எழுதுவாள். பேச வரும்போதுதான் தடுமாறும். "தமிழ்ல சொல்லட்டுங்களா சார்?" என்று கேட்டாள்.

மூவரில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது. என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

பத்து நிமிடம் பேசினாள். கொழுந்துக்குப் போகிறவர்கள் எந்தெந்த வளைவில் யானையிடம் மாட்டுகிறார்கள், பாதையோரம் எவ்வளவு அகலத்துக்குச் செடியை வெட்டினால் தூரத்திலேயே யானை தெரியும், லயத்தில் வேலையில்லாமல் இருப்பவர்களுக்கே அந்த வெட்டுகிற வேலையை எப்படிக் கொடுக்கலாம்... எல்லாம்.

நான் மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தேன்.

பதட்டத்தில் விட்டுப்போனது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. தெரிந்துதான் விட்டேன்.

திரும்பும்போது ஊட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அருவங்காடு தாண்டியதும் திரும்பி, "அந்த வழி வெட்டுறதச் சொல்லாம விட்டுட்டியே, புள்ள" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எனக்கும் நீட்டினாள்... நானும் வாங்கித் தின்றேன்.

இரண்டாம் வருடம் எனக்குக் கிடைத்தது. அதை வைத்து பிஎச்.டி., அதை வைத்து இந்தப் பெங்களூர் வேலை. என் முதல் கட்டுரையில் இருக்கிற மேப், வசந்தி நடந்து நடந்து போட்டது. அவள் பெயர் கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில், ஜீப் டிரைவர் பெயருக்குப் பிறகு வரும்.

அவளும் நாலைந்து இடத்துக்கு எழுதிப் போட்டாள். மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் கொஞ்ச நாள், வருகிறவர்களுக்குப் பறவை காட்டுகிற வேலை. சீசன் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அம்மாவோடு கொழுந்துக்கே போய்விட்டாள். அதுவும் தற்காலிகத் தொழிலாளியாக.

போன வாரம் காய்ச்சல். "லீவு போட்டா பேர வெட்டிருவாங்கம்மா" என்று மழையில் நின்று பறித்திருக்கிறாள். கண் மஞ்சளான பிறகுதான் கூடலூர் ஆஸ்பத்திரி. அங்கிருந்து ஊட்டிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் நடுவட்டம் தாண்டவில்லை...

போன மாதம் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். "புதுசா ஒரு ஃபெலோஷிப் வந்திருக்கு புள்ள. வயசு முப்பத்திரண்டு வரைக்கும். தமிழ்லயே எழுதலாமாம்! நீ ஒரு சிபாரிசு லெட்டர் மட்டும் குடு."

"கண்டிப்பா, இந்த வாரமே அனுப்புறேன்" என்று பதில் போட்டேன். அனுப்பவில்லை. ஒரு தடவை ஞாபகப்படுத்தினாள். அதற்கும் கட்டைவிரல் இமோஜி போட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

கடைசித் தேதி வருகிற வெள்ளிக்கிழமை.

கூடலூர் போகிற பஸ்ஸில் இருந்துதான் எழுதுகிறேன். இன்னும் குண்டல்பேட்டையே வரவில்லை. லயத்தில் மழை வலுப்பதற்குள் உடலை எடுத்துவிடப் போகிறார்களாம். அதற்குள் நான் போய்ச் சேரமாட்டேன்.

போய் வா, வசந்தி.