அக்கினி மூலைக்குப் போன வண்டி

பூந்தமல்லி தாண்டி ஒரு சின்னத் தீயணைப்பு நிலையம் கட்டிய மேஸ்திரி நான். கட்டடத்துக்குப் படம் போட்டது ஒரு பொண்ணு. ஏசி இல்லாமலே குளுமையாக இருக்கும் என்றாள். வண்டி நிற்கும் கொட்டகை மேற்கே. ஜன்னல் இல்லாத மொட்டைச் சுவர், சாயங்கால வெயிலை அது வாங்கிக்கொள்ளும். ஆட்கள் படுக்கும் அறை கிழக்கே. மதியத்துக்கு மேல் கடல்காற்று நேராக ஜன்னலில் நுழையும். எனக்கே புரிந்தது.

அஸ்திவாரத்துக்கு முளையடித்துக் கயிறு கட்டிய அன்று காண்ட்ராக்டர் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார்.

"நெருப்பு வண்டிப்பா," என்றார் வாஸ்துக்காரர். "அக்கினி மூலையில நிக்கணும். தென்கிழக்கு."

"அப்ப இட வலமா திருப்பிப் போட்டுக்கோ மேஸ்திரி," என்றார் காண்ட்ராக்டர். "அதே செவுரு, அதே ஜன்னலு. இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

அந்தப் பொண்ணின் நம்பர் என்னிடம் இருந்தது. போன் போடவில்லை. அன்று வேலை நின்றால் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். பிறகு வாஸ்துக்காரரை எத்தனையோ நாள் திட்டித் தீர்த்திருக்கிறேன். ஆனால் கயிற்றை மாற்றிக் கட்டியது என் கை. சுவர் எழும்பிய பிறகு அவள் வந்து பார்த்தாள். படத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அங்கே வேலைக்கு வந்தவன் என் தங்கச்சி புருஷன். "எங்க மச்சான் கட்டின ஸ்டேஷன்" என்று எல்லாரிடமும் சொல்வான். ராத்திரி டூட்டி பார்த்தவன் பகலில் அங்கேயே தூங்க வேண்டும். அந்த அறையில் பிணம்தான் தூங்கும். திருப்பிப் போட்டதில் அது மேற்கே வந்துவிட்டது; ஜன்னல் முழுக்க வெயில். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு புரண்டு கிடப்பான்.

மண்ணூர்பேட்டையில் ஒரு குடோன் பற்றிக்கொண்டபோது, ஏணியில் கண் சொக்கி விழுந்தான். இடுப்பெலும்பு போயிற்று. இனி வண்டி ஏற முடியாது.

போன வாரம் பார்க்கப் போனேன்.

"எப்பிடி கீறே மாப்ளே?"

"நல்லா தூங்கிகினு கீறேன் மச்சான். இதுக்கு இடுப்ப ஒடைக்க வேண்டியதாப் போச்சு." சிரித்தான். பிறகு கேட்டான்: "கெயக்கால இன்னாத்துக்கு மொட்டைச் செவுரு வெச்சே? காத்து அங்கேர்ந்துதானே வருது?"

"படத்துல அப்பிடித்தான் இருந்துச்சு."

"படம் போட்டவங்க ஒரு நாளு அங்க படுத்துப் பாக்கணும்."

ஆமாம் என்று தலையாட்டினேன். தங்கச்சி காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.