ஹாரன் அடிக்காத மத்தியானம்

பவித்ராவுக்குப் போடியில் கடை கிடையாது. ஒரு பை, ஒரு லேப்டாப், குரங்கணி மலைக்குப் போகும் ஜீப்பில் ஓர் இடம், அவ்வளவுதான். மலையடிவாரத்து ஏலக்காய் ஸ்டோர்களில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "பவித்ரா கை வச்சா ஓடும்" என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். கெட்டதே அங்கேதான்.

சவுகத் அலியின் ஸ்டோரில் பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்துவார்கள். சூடு மிஞ்சினால் காய் நிறம் போய்க் கருகிவிடும். ஏலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்காகவே லினக்ஸ் போட்ட சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று சூட்டைக் கவனித்து, அளவு தாண்டினால் ஹாரன் அடிக்கும். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சின்னமுத்து, பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தாலும் ஓடிவந்து தணிப்பார்.

ஏலம் நடக்கிற இடத்தில் உட்கார்ந்தபடியே ஃபோனில் சூட்டைப் பார்க்க வேண்டும் என்று சவுகத் அலிக்கு ஆசை. அதற்கான புரோகிராம் கம்ப்யூட்டரின் சொந்தப் பேக்கேஜ் மேனேஜரில், அதாவது புரோகிராம்களை இறக்கிப் போட்டுத்தரும் ஏற்பாட்டில், இல்லை. பவித்ரா வேறொரு பேக்கேஜ் மேனேஜரை இறக்கி, அதன் வழியாகப் போட்டாள். அது லைப்ரரிகளையும், அதாவது பல புரோகிராம்கள் பொதுவில் எடுத்துக்கொள்ளும் கோப்புகளையும், கூடவே கொண்டுவந்தது. பெயர் பழையதேதான், பதிப்பு வேறு. புதுப் புரோகிராம் முரண்டு பிடிக்கவே, எல்லாப் புரோகிராமும் லைப்ரரியை முதலில் புது இடத்தில் தேடும்படி கம்ப்யூட்டர் எழும்போது படிக்கும் தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தாள். ஃபோனில் சூட்டுக் கோடு ஏறி இறங்கியது. சவுகத் அலி பூரித்துப்போனார்.

கம்ப்யூட்டரை ஒரு தரம் அணைத்துப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஹாரன் புரோகிராம் ஏற்கெனவே பழைய லைப்ரரியைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தது. ஆனால் உலர்த்தும் அறைக்குள் காய் லோடு ஏறிவிட்டால், அதை இறக்கும் வரை ஸ்டோரில் எதையும் அணைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஜீப் டிரைவர் வேறு "வெரசா வா ஆத்தா" என்று கத்தினார். வழக்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த லோடின்போது ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. ஹாரன் புரோகிராம் புது லைப்ரரியைத் தொட்டது, ஒத்துவரவில்லை, சத்தமில்லாமல் நின்றுபோனது. சவுகத் அலி ஃபோனை எடுத்துப் பார்த்தபோது சூடு அளவு தாண்டிப் போயிருந்தது, காய் கருகிவிட்டிருந்தது.

ஹாரனைச் சோதிக்கும் பட்டனை அமுக்கிப் பார்த்தார்கள். ஸ்டோரே அதிரும்படி ஹாரன் அடித்தது. அதன் மேல் குற்றமில்லை என்றாகிவிட்டது. "அன்னேரமும் அடிச்சிருக்கும் பாய். எனக்குத்தான் கேக்கல," என்றார் சின்னமுத்து, குனிந்த தலை நிமிராமல்.

"காது மந்தமாயிருச்சுன்னா அடுப்புல நிக்க முடியாதுப்பா." சவுகத் அலி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

பேருக்கு மெஷினையும் பார்த்துவிடட்டும் என்று பவித்ராவைக் கூப்பிட்டார். திரையில் பிழைச் செய்தி அப்படியே கிடந்தது. அன்றைக்கு ஹாரன் அடிக்கவே இல்லை என்று பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தான் எழுதிய வரியை எடுத்து, புது லைப்ரரி புதுப் புரோகிராமுக்கு மட்டும் எட்டும்படி மாற்றினாள். கொடுத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

"மெஷினு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு பாய்."

சொன்ன நிமிடத்தில் அது பொய்யில்லை. அதுதான் அவளை அரித்தது. யாராவது கைராசியைப் புகழ்ந்தால் எரிச்சல் வந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். சொன்னால் இனி யார் கூப்பிடுவார்கள்?

போடி பஸ் ஸ்டாண்டில் சின்னமுத்துவையும் அவர் மனைவி பெரியம்மாளையும் பார்த்தாள். பெரியம்மாள் அவர் காதருகே குனிந்து, "பஸ்சு இன்னும் வரல!" என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லாருக்கியா ஆத்தா?" என்று கேட்ட சின்னமுத்து, பதில் வருமுன்பே கையைக் காதோரம் குவித்துக்கொண்டார்.

"நல்லாருக்கேண்ணே," என்று மெதுவாகத்தான் சொன்னாள். அவருக்குக் கேட்டது. கேட்டதை அவர்தான் நம்பவில்லை. சரிதானா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அதற்கு மேல் பவித்ராவுக்குத் தாங்கவில்லை. அங்கேயே நின்று சவுகத் அலிக்கு ஃபோன் போட்டாள்.

"பாய், அன்னைக்கு ஹாரன் அடிக்கவே இல்ல. நான் மாத்துனதுலதான் நின்னுபோச்சு. வந்து பாத்தப்பவே தெரியும். மறைச்சுட்டேன்."

"சின்னமுத்துவ நாளைக்கு வரச் சொல்லு. நீ இனிமே ஸ்டோருப் பக்கம் வராதம்மா," என்று வைத்துவிட்டார்.

"நாளைக்கு வேலைக்கு வரச் சொல்றாருண்ணே," என்றாள். சின்னமுத்து வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப என் காது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தாண்ணே இருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டியா புள்ள! காதுல ஒண்ணுமில்லயாம்!"

பெரியம்மாள் சிரிக்கவில்லை. கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "படுத்தா தூங்க மாட்டாரு. எந்திரிச்சு உக்காந்து, எங்கயும் ஹாரன் அடிக்குதா, அடிக்குதான்னு என்னையவே கேப்பாரு," என்றார். "ஒனக்கு மொதல்லயே தெரியும்ல?"

பவித்ரா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பஸ் வந்ததும் பெரியம்மாள் கணவரின் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.