சிவப்பு வாளி

பல்லக்காவுக்குக் கோபம் வந்தால் அது முதலில் தெரிவது பிளாஸ்டர் கிண்ணத்துக்குத்தான். ரப்பர் கிண்ணத்தில் தூளைக் கொட்டி, தண்ணீர் விட்டு, கரண்டியால் அடிப்பாள். மற்ற நாளில் அது கலக்குவது மாதிரி இருக்கும். அன்று காலை அடிப்பது மாதிரியே இருந்தது. எதிர் மேசையில் மெழுகை இளக்கிக்கொண்டிருந்த முதலாளி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, யார் மூஞ்சின்னு நெனச்சு அந்தக் கிண்ணத்த இந்த அடி அடிக்கிற?"

"என் தங்கச்சி மூஞ்சி."

முதலாளி கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு மெழுகுக்குத் திரும்பிவிட்டார். அந்தத் தங்கச்சி விஷயத்தில் தலையைக் கொடுத்தால் மதியச் சாப்பாடு வரைக்கும் தலை திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும்.

அது பல் செட் செய்கிற பட்டறை. ஒரு மாடி, இரண்டு அறை, எந்நேரமும் மெழுகு வாசனை. பல் டாக்டர்கள் நோயாளி வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். வந்த சூட்டோடு அதில் பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று விட்டால் அச்சு காய்ந்து சுருங்கிவிடும். அதிலிருந்து செய்த பல் அந்த வாயில் உட்காராது. அச்சிலிருந்து மாடல், அந்த மாடலிலிருந்து இன்னொரு அச்சு, அதிலிருந்து இன்னொரு மாடல் என்று போனால் கேட்கவே வேண்டாம். பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், கடித்தால்தான் தெரியும். பல்லக்கா பதினெட்டு வயதில் இந்த வேலைக்கு வந்தவள். தெருவில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள், பல்லக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அவர்கள்தான், சண்டை வந்தால் அவளையே அந்தப் பல்லால் கடிக்கவும் வருகிறார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு மேல்வரிசை முன்பல்லில் ஒரு மூலை கிடையாது. சாய்வாக உடைந்த பல். "அரை நாள் வேலை, காசும் வேண்டாம், சரி பண்ணிடறேன்" என்று முதலாளி எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். "இருக்கட்டும் சார். அது சாட்சி" என்பாள். யாருக்குச் சாட்சி, எதற்குச் சாட்சி என்று அவர் கேட்டதில்லை.

முந்தின நாள் சாயந்திரம் தம்பி போன் செய்திருந்தான். பெண் குழந்தை பிறந்து மூன்று வாரமாகியும் பேர் வைக்காமல் இழுத்துக்கொண்டிருந்தவன்.

"பெரியக்கா, பேரு முடிவு பண்ணியாச்சு. சின்னக்கா பேரையே வைக்கப் போறோம். நாளன்னைக்கு ஆபீஸ்ல பதிஞ்சிடுவோம்."

"ஏன்? அவ பேருக்கு என்ன அவ்வளவு விசேஷம்?"

"என்னக்கா இப்படிக் கேக்கற? அவ இல்லன்னா நான் ஏது, என் புள்ள ஏது?"

பல்லக்கா போனை வைத்தாள். வைத்தபிறகு சொல்ல வேண்டியதெல்லாம் வரிசை கட்டி வந்தது. அது எப்போதும் அப்படித்தான்.

நடந்தது இதுதான். அப்போது பல்லக்காவுக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு ஐந்து, தம்பி தத்தித் தத்தி நடக்கிற குழந்தை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டின் பின்பக்கம், கழிவறைக்குப் போகிற வழியில், தரையோடு தரையாக ஒரு தண்ணீர்த் தொட்டி. வாயை ஒரு தகர மூடி மூடியிருக்கும். தங்கச்சிக்கு ஒரு விளையாட்டு உண்டு. மூடியைத் தள்ளிவிட்டுக் குனிந்து தன் பேரை உள்ளே கத்துவாள். தொட்டி அவள் பேரைத் திருப்பிச் சொல்லும். அன்றைக்கும் கத்தினாள். மூடியைத் திரும்பப் போடவில்லை. தம்பி உள்ளே போய்விட்டான்.

தங்கச்சி அலறவில்லை, நகரவில்லை, நட்ட கம்பு மாதிரி நின்றாள். சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத்தான் பல்லக்கா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். தரையில் குப்புற விழுந்து, இடுப்பு வரைக்கும் உள்ளே தொங்கி, கைக்கு வந்ததைப் பிடித்தாள். வந்தது தலைமயிர். இழுத்த வேகத்தில் சிமெண்டு விளிம்பில் வாய் மோதியது. தம்பியும் வெளியே வந்தான், பல் துண்டும் எங்கோ போனது.

அம்மா அப்பாவிடம் அக்காவும் தங்கச்சியும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் தோல் உரிந்துவிடும். இது நடந்து பல வருஷம் கழித்து, பயமெல்லாம் தீர்ந்தபின், ஒரு நாள் சாப்பிடும்போது தங்கச்சிதான் அதை முதல்முதலாக வாய் திறந்து சொன்னாள். தான் காப்பாற்றியதாகச் சொன்னாள். பல்லக்கா பட்டறையிலிருந்து திரும்பியபோது கதை பரிமாறி, எல்லோரும் சாப்பிட்டு, கையும் கழுவியாகிவிட்டது. "நான்தான் தூக்குனேன்" என்றதற்கு அப்பா சிரித்தார். "சரிம்மா, ரெண்டு பேருமே தூக்குனீங்க." அன்றைக்கு மூண்டது அந்தக் கோபம். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கோபம் மட்டும் அப்படியே நிற்கிறது.

பொய் சொல்கிறாள் என்றால் ஓர் அறை போதும். தங்கச்சி பொய் சொல்லவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பொய் சொல்கிறவர்களின் கண் எங்கேயாவது ஓடும். இவள் கண் கலங்கும். தண்ணீரின் குளிரைச் சொல்லும்போது அவள் கையில் மயிர் சிலிர்த்து நிற்கும். போதாததற்கு அவள் வேலை ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது. நாலாவது மேடை என்று அவள் சொன்னால் ஊரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலாவது மேடைக்கு ஓடும். அந்தக் குரலுக்கு முன்னால் பல்லக்காவின் உடைந்த பல் வழியாகக் காற்றோடு வருகிற பேச்சு என்ன ஆகும்?

அன்று பட்டறை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறினாள். நாளைக்குப் பேர் பதிந்துவிட்டால் முடிந்தது. அந்தக் குழந்தையை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் தன் வாயாலேயே அந்தக் கதைக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

தங்கச்சி ஏற்கனவே அங்கே இருந்தாள், மடியில் குழந்தையோடு. தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. இப்பதான் சின்ன அண்ணி அந்தக் கதையச் சொல்லிட்டு இருந்தாங்க. எத்தன தரம் கேட்டாலும் உடம்பு ஆடிப்போவுது."

"ஆடும் ஆடும்," என்று பல்லக்கா செருப்பை உதறினாள். "சொல்லுடி. எனக்காக ஒரு தரம் சொல்லு."

தங்கச்சிக்கு அதில் இருந்த முள் தெரியவில்லை. சொன்னாள். தம்பி விழுந்தது, அவள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தது, கை எட்டாதது.

"சின்னக் கை, எப்படி எட்டும்? பக்கத்துல சிவப்பு வாளி இருந்துச்சு. கயிறோட அத உள்ள விட்டேன். இவன் அதப் புடிச்சிக்கிட்டான். அப்படியே இழுத்தேன்."

"பாத்தியா, அந்த வயசுலயே எனக்கு எவ்வளவு புத்தி!" என்றான் தம்பி.

"அதுக்கப்புறம் அது வளரவே இல்ல," என்றாள் அவன் மனைவி.

"அதுக்குள்ள அக்கா அலறிக்கிட்டு ஓடி வந்தாளா, ஈரத்துல வழுக்கி, தொபுக்கடீர்னு விழுந்து பல்ல உடைச்சிக்கிட்டா. தம்பியப் பாக்கறதா, இவளப் பாக்கறதான்னு ஆயிடுச்சு எனக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எப்போதும் இந்த இடத்தில்தான் சிரிப்பு வரும். பல்லக்கா பல்லைக் கடித்தாள். உடைந்த மூலை கீழ் உதட்டில் குத்தியது.

"நிறுத்துடி. வாளியே கெடையாது."

"என்னக்கா?"

"வாளி கெடையாது. கயிறும் கெடையாது. நம்ம வீட்டுல சிவப்பு வாளின்னு ஒண்ணு இருந்ததே இல்ல. நடக்கவே சரியா தெரியாத புள்ள வாளியப் புடிச்சிக்கிட்டு ஏறி வருமா? மூளை இருக்கா உங்களுக்கெல்லாம்? தூக்குனது நான்! தலைமயிரப் புடிச்சு நான் தூக்குனேன்!"

குழந்தை விழித்துச் சிணுங்கியது. தம்பி மனைவி மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தாள். தங்கச்சிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் பரவாயில்லை. அவள் முகத்தில் இருந்தது ஆச்சரியம்.

"அக்கா, நீதானே அத எனக்குச் சொல்லுவ?"

"எத?"

"வாளிய. அந்தத் தொட்டியத் தாண்டி கக்கூசுக்குப் போகமாட்டேன்னு அழுவேன்ல. தெனமும் நீதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவ. 'நீதாண்டி அவனத் தூக்குன, தொட்டி உன்ன என்ன பண்ணும்'னு சொல்லுவ. 'எனக்குக் கை எட்டாதே'ன்னு நான் கேட்டா, 'வாளிய விட்டு இழுத்தியே, செவப்பு வாளி, மறந்துட்டியா'ம்ப. ஞாபகம் இல்லையா?"

பல்லக்காவுக்கு ஞாபகம் இல்லை. முதலில் இல்லை. அப்புறம், இருட்டு அறையில் கண் பழகுவது மாதிரி, ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வியர்த்த ஒரு குட்டிக் கை. விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, நாளைக்கு ஐந்து தரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கழிவறை வாசலில் நின்ற எரிச்சல். ஆமாம், எரிச்சல்தான், பாசம் கீசம் ஒன்றுமில்லை. இந்தச் சனியன் தனியாகப் போய்த் தொலைந்தால் போதும் என்று வாயில் வந்த கதையைச் சொன்னாள். ஓட்டை விழுந்த இடத்தில் வாளியை வைத்து அடைத்தாள். வேலை செய்தது, ஒரு வாரத்தில் தங்கச்சி தனியாகப் போக ஆரம்பித்தாள். வேலை முடிந்ததும் பல்லக்கா அதை மறந்தும் போனாள். வேண்டாத சாமானை யார் பத்திரப்படுத்துவார்கள்? சொன்னவளுக்கு அது ஒரு வார வேலை. கேட்டவளுக்கு அதுதான் தரை, அதன்மேல் நின்றுகொண்டுதான் அவள் இத்தனை பெரியவளானாள்.

இன்னொன்றும் தெரிந்தது. அன்றைக்குச் சாயந்திரம், "பல்லுக்கு என்னடி ஆச்சு?" என்று அம்மா கேட்டாள். "ஓடி வரும்போது வழுக்கி விழுந்துட்டேன்மா." சொன்னது பல்லக்கா. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது தங்கச்சி.

இவ்வளவு வருஷம் அடுத்தவள் திருடிவிட்டாள் என்று அவள் கத்திக்கொண்டிருந்ததெல்லாம் தன் கையால் ஊற்றிய அச்சுதான்.

தம்பி இப்போது சிரிக்கவில்லை. அக்காக்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரி, தூக்குனது பெரியக்கான்னே வச்சிக்குவோம். ஒண்ணு சொல்லு. தொட்டி மூடிதான் எப்பவும் போட்டிருக்குமே. அத யார் தெறந்தது?"

நாக்கு நுனியில் பதில் இருந்தது. அதைத் துப்பினால் போதும். கதை மொத்தமும் சரிந்து விழும், குழந்தைக்கு வேறு பேர் வரும். பல்லக்கா தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் தெரிந்துகொள்ளும் ஆவலோடு, நிஜமாகவே தெரியாமல். ஆனால் அவள் கை குழந்தையின் முதுகில் தட்டுவதை நிறுத்திவிட்டிருந்தது. விரல்கள் துணியை இறுகப் பிடித்திருந்தன. அந்தக் கைக்கு ஏதோ தெரியும் போலிருந்தது.

"யாருக்குத் தெரியும்?" என்றாள் பல்லக்கா. "மறந்துபோச்சு."

"பாருங்க," என்று தம்பி மனைவி ஆறுதலாகச் சொன்னாள். "எவ்வளவு வருஷம் ஆச்சு. உங்களுக்கும்தானே அண்ணி மறந்துபோவும். இதுக்குப் போயி..."

பல்லக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. காபி வேண்டாம் என்றாள். துணைக்கு வருகிறேன் என்ற தம்பியை, "போடா, போய் உன் சின்னக்கா பேர வை" என்றாள். படி இறங்கும்போது தங்கச்சியின் குரல் மேலிருந்து கேட்டது, குழந்தையைத் தேற்றுகிற குரல், ரயில் தாமதமாக வருவதற்கு வருந்துகிற அதே குரல்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாக்கால் பல்லைத் தடவினாள். சாய்வான விளிம்பு அங்கேயே இருந்தது. கண்ணை மூடி அந்த நாளைப் பார்த்தாள். ஈரத் தரை. கால் வழுக்குகிறது. தரை முகத்துக்கு நேரே வருகிறது.

கண்ணைத் திறந்தாள். அப்படி நடக்கவில்லை. தொட்டி விளிம்பில்தான் மோதியது, கையில் தம்பியின் தலைமயிர் இருந்தது. மறுபடியும் கண்ணை மூடினாள். மறுபடியும் வழுக்கினாள். கேட்டுக் கேட்டு அவளுக்குள்ளும் அது குடியேறிவிட்டிருந்தது. "தூ" என்றாள் வாய்விட்டு. பக்கத்தில் இருந்தவர் தன்னையோ என்று சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் முதலாளி வருவதற்கு முன்பே பட்டறையைத் திறந்தாள். அச்சு மாவைக் குழைத்துத் தட்டில் நிரப்பி, கண்ணாடி முன் நின்று தன் மேல்வரிசையில் தானே வைத்து அழுத்தினாள். குமட்டிக்கொண்டு வந்தது, விடவில்லை. எடுத்த சூட்டோடு பிளாஸ்டர் ஊற்றினாள். இறுகியதும் உடைத்தெடுத்து விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் பற்களைப் பார்த்த கண். மூலை உடைந்திருந்தது, அவ்வளவுதான். விளிம்பில் மோதினாலும் இப்படித்தான் உடையும், தரையில் விழுந்தாலும் இப்படித்தான் உடையும்.

முதலாளி உள்ளே வந்து மேசையைப் பார்த்தார்.

"இது யார் மாடல்? அடியில பேரே எழுதலையே. பேர் இல்லாம எதையும் இங்க வைக்கக் கூடாதுன்னு நீதானேம்மா எல்லார்கிட்டயும் கத்துவ?"

"எழுதறேன் சார்."

பென்சிலை எடுத்தாள். மாடலைக் கவிழ்த்து, இன்னும் ஈரம் காயாத பிளாஸ்டரில் தன் பேரை எழுதினாள். அழுத்திய அழுத்தில் முனை உடைந்தது. சீவிக்கொண்டு வந்து மிச்ச எழுத்துகளையும் எழுதி முடித்தாள்.