பெங்களூர்க்காரருக்கு நான் சொல்லாத பதில்

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எங்களுக்குள் பேசுவது உருது, பள்ளிக்கூடத்தில் கற்றது தமிழ். அதனால் எழுதும்போது முன்னே வரவேண்டியது பின்னே போய்விடுகிறது. மறதியும் சேர்ந்துகொண்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற நான் எழுத உட்கார்ந்ததே, ஒரு விஷயத்தை இத்தனை வருஷமாக மனசில் வைத்துக்கொண்டிருந்ததால்தான். இறக்கி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது.

அது எண்பதுகளின் கடைசி. தருமபுரியில் எங்களுக்குப் புளி மண்டி இருந்தது. முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அறையில் போன். பெங்களூர் வியாபாரிகளிடம் விலை பேசுவதற்காக வாங்கியது. எங்கள் வீட்டுக்காரர் போனில் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். நான் அதைத் துணியால் துடைத்து வைப்பேன், அவ்வளவுதான். மணி அடித்தால் சமையல்கட்டுக்குள் போய்விடுவேன்.

மாசி, பங்குனியில் புளி வந்து குவியும். ஓடு உடைக்க, நார் உரிக்க, கொட்டை எடுக்கப் பெண்கள் வேண்டும். எல்லா மண்டிக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். எதிர் மண்டியில் டீயோடு போண்டா கொடுக்கிறார்களாம் என்று பேச்சு வந்தால் மறுநாள் எங்களிடம் நாலைந்து பேர் குறைவார்கள். எங்கள் வீட்டுக்காரர் காலையிலேயே அவர்கள் தெருவுக்குப் போய் நிற்பார். மண்டியில் எல்லாரையும் அதட்டுகிற மனிதர், அங்கே குரலை இறக்கிக்கொண்டு, "போண்டா நானும் தர்றேன் ஆத்தா. கைக்கொழந்தைய எடுத்துக்கிட்டு வா, தூளி கட்டித் தர்றேன். பத்து மணிக்கு வந்தாலும் ஒண்ணும் சொல்லல" என்று அவர்கள் கேட்காததையெல்லாம் கொடுப்பார். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். அந்தக் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு குடியானவர் குடும்பம் வாடகைக்கு இருந்தது. நிலமெல்லாம் இண்டூரில். பிள்ளைகள் படிப்புக்காக டவுனுக்கு வந்தவர்கள். அப்பா தினமும் பஸ்ஸில் போய்ப் பயிரைப் பார்த்துவிட்டு வருவார். மூத்த பெண் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்து முடித்து எட்டு மாதமாக வீட்டில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதுகிற வேலை என்று எனக்கு விளக்கிச் சொன்னது. எனக்குப் பாதிதான் புரிந்தது. பெங்களூர் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தபோது என்னிடம் கேட்டது:

"பாயம்மா, உங்க நம்பர பி.பி.ன்னு போட்டுக்குடுத்துட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க."

வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று எழுதிக்கொள்வது அப்போது வழக்கம். "போட்டுக்கோ, அதுக்கென்ன" என்றேன்.

பத்து நாளில் வேலைக்கு எடுத்துக்கொண்டதாகக் கடிதம் வந்தது. ஆனால் தங்குவதற்கு அவரவரே இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அப்பா அந்த இடத்தில் நின்றுவிட்டார். பெங்களூரில் அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. "தங்கறதுக்கு ஒரு நல்ல எடம் சொல்லு, நானே கொண்டாந்து வுடறேன். இல்லாட்டி பென்னாகரத்து மாப்பிள்ள ஜாதகத்துக்குச் சரின்னு சொல்லிப்புடறேன்" என்று அவர் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.  மறுநாள் பெண் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க வந்தபோது கண் வீங்கியிருந்தது. நான் என்ன என்று கேட்கவில்லை. கேட்கத் தெரியாது எனக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டுக்காரரும் மண்டி ஆட்களில் இரண்டு பேரும் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் சாப்பிட்டுவிட்டு மூட்டைகளில் சாய்ந்திருந்தார்கள். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. இண்டூரில் அவர்கள் புளியமரத்தை உலுக்குகிறார்கள் என்று எல்லாரும் போயிருந்தார்கள். அப்போது போன் அடித்தது. வெளியூரிலிருந்து வருகிற டிரங்க் கால் என்றால் மணி நீளமாக அடிக்கும். நின்றது. மறுபடியும் அடித்தது. மூன்றாம் தடவை அடித்தபோது, கொட்டை எடுக்கிற ஒரு ஆயா, "ஏம்மா, அது என்ன கடிக்கவா போவுது? எடுங்க" என்றாள். எடுத்தேன்.

எக்ஸ்சேஞ்சில் இருந்து ஒரு பெண் குரல். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேரைச் சொல்லி, பெங்களூரிலிருந்து கால், அது இருக்கிறதா என்று கேட்டது. "இல்லீங்க" என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "வீட்டு ஆளுங்க பேசினாலும் போதுமாம், பேசுங்க" என்று இணைப்புக் கொடுத்துவிட்டது.

ஒரு ஆண் குரல், நல்ல தமிழில். "அம்மாங்களா? வணக்கம்மா" என்றது.

நான் பக்கத்து வீடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முகம் தெரியாத ஆண்களிடம் நான் பேசிப் பழகியவள் இல்லை.

"உங்க பொண்ணுக்கு லெட்டர் போட்டிருந்தோம். பதிலே இல்லையேம்மா. திங்கக்கிழமை சேரணும்."

நான் சும்மா இருந்தேன்.

"வேற கம்பெனில இருந்து ஏதாவது வந்திருக்காம்மா? எதிர்த் தெருவுல ஒருத்தர் எங்க லிஸ்ட்ல இருக்கறவங்களையே தேடித் தேடிக் கூப்பிடறார். அங்க போற மாதிரி யோசனை இருந்தா சொல்லிடுங்க."

சும்மாவே இருந்தேன். 

"சம்பளம் வேணும்னா கொஞ்சம் கூட்டித் தரச் சொல்றேம்மா. நான் பேசிக்கறேன். திங்கக்கிழமை முடியலைன்னா ஒரு வாரம் தள்ளிச் சேரட்டும்."

அப்போதுதான் எனக்கு அந்தக் குரல் பிடிபட்டது. விடிகாலையில் கொட்டை எடுக்கிறவர்கள் தெருவில் எங்கள் வீட்டுக்காரர் நின்று பேசிய குரல்தான் அது. கோட்டுப் போட்டிருப்பார், குளுகுளு அறையில் உட்கார்ந்திருப்பார், எதுவாக இருந்தாலும் சரி, இந்த மனிதருக்கு ஆள் கிடைக்கவில்லை என்று தெரிந்துவிட்டது.

இதைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதுவரைக்கும் பேசாமல் இருந்தது கூச்சத்தால். அதற்குப் பிறகு பேசாமல் இருந்தது கூச்சத்தால் இல்லை. வேண்டுமென்றேதான் இருந்தேன்.

நடுவில் எக்ஸ்சேஞ்சுப் பெண், மூன்று நிமிஷம் ஆகிவிட்டது, நீட்டிக்கலாமா என்று கேட்டது. அவர் அவசரமாக, "நீட்டிங்க, நீட்டிங்க" என்றார். பிறகு என்னிடம், "தங்கற எடத்தப் பத்தி யோசிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ம்" என்றேன். அவரிடம் நான் மொத்தமாகப் பேசியது அது ஒன்றுதான்.

"அதைச் சொல்ல வேண்டியதுதானேம்மா. எங்ககிட்ட வேலை செய்யற பொண்ணுங்க அஞ்சு பேரு ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்காங்க. வீட்டுக்காரம்மா கீழயே இருக்காங்க. அங்க ஒரு எடம் போட்டுத் தரச் சொல்றேன். அப்பாவையும் கூட அனுப்புங்க. வந்து பாக்கட்டும், பிடிக்கலைன்னா கூட்டிக்கிட்டுப் போயிடட்டும். ஆனா ஒண்ணு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள தந்தி குடுத்துடணும். இல்லாட்டி நான் அடுத்த பேரைக் கூப்பிடணும்."

லைன் போய்விட்டது. நான் போனைக் கையில் பிடித்தபடியே நின்றேன். முதலில் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே பயம் வந்தது. அம்மா என்று நினைத்துத்தானே அவர் அத்தனையும் கொடுத்தார். அது பொய் என்று தெரிந்தால் மொத்தமாகப் போய்விடுமே. வந்த வேலையையும் கெடுத்தவள் என்று அந்தப் பெண் காலத்துக்கும் சொல்லுமே.

எங்கள் வீட்டுக்காரர் தொழுகை முடிந்து வந்ததும் சொன்னேன். பாதி சொல்வதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நான் தெனமும் தொண்டை கிழியக் கத்தி மூட்டைக்கு அரை ரூபா ஏத்த முடியல. நீ வாயே தெறக்காம இத்தனை வாங்கிட்டியா?" பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு. சிரிப்பு நின்றது. "ஏறு வண்டியில. கேட்டவ நீதான், வந்து நீயே சொல்லு."

இண்டூருக்கு ஸ்கூட்டரில் அரை மணி நேரம். வழியெல்லாம், அந்தப் பெண்ணின் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன். ஆறு வருஷம் பக்கத்து வீடு. அவரிடம் நான் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை.

மரத்தடியில் அம்மாவும் பெண்ணும் குனிந்து புளி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா எங்களைப் பார்த்ததும், "ஏனுங்க பாய், மரத்துல இருக்கறப்பவே வெல பேச வந்துட்டீங்களா? வூட்டம்மாவையும் கூட்டியாந்திருக்கீங்க, வெல ஏறுமாட்டம் இருக்குது" என்றார்.

"புளிக்கு வரலீங்க. பெங்களூர்க்காரரு போன் பண்ணினாரு" என்றார் இவர்.

பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டது. அப்பா முகம் மாறியது. "நான் இன்னும் ஒண்ணும் முடிவு சொல்லலீங்களே" என்றார்.

"ஆமா, சொல்லிட்டாலும்" என்றாள் அம்மா. "எட்டு நாளா அந்தக் கடுதாசியத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்குறாரு. அது என்ன குட்டியா போடப்போவுது?"

"நீ சும்மா இரு. எங்க தங்கும்? அதச் சொல்லு மொதல்ல."

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஐந்து பெண்கள் சேர்ந்து இருக்கிற வீடு, கீழே வீட்டுக்காரம்மா, சம்பளம் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்வார், ஒரு வாரம் தள்ளிச் சேரலாம், அப்பா வந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கூட்டிப் போகலாம், ஐந்து மணிக்குள் தந்தி. ஒன்றையும் விடவில்லை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாயம்மா, ஒண்ணு கேக்கறேன். நீங்க கேட்டதுக்குச் சொன்னாரா, அவரா சொன்னாரா?"

"அவராத்தாங்க சொன்னாரு" என்றேன். "நான் ஒண்ணுமே பேசலீங்க."

"அப்ப சரி" என்றார். "நாம கேட்டு வாங்குனா நாளைக்கு மறந்துடுவானுங்க. அவனாக் குடுக்கறான்னா ஆளு வேணுமின்னு இருக்கறான். போயிப் பாத்துட்டு வர்றதுல என்ன வந்துது? புடிக்கலன்னா அடுத்த பஸ்ஸு."

பெண் ஓடிப்போய்க் கையைக் கழுவியது. காகிதம் இல்லை. உரத்துக்கு வாங்கிய பில்லின் பின்பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தது. ஒரு தடவை அடித்து மறுபடி எழுதியது. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரமாகிவிடும் என்று ஸ்கூட்டரில் என் இடத்தில் அப்பா ஏறிக்கொண்டார். நான் அங்கேயே இருந்துவிட்டேன். அவர்களோடு சேர்ந்து புளி பொறுக்கினேன்.  ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அந்தப் பெண் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தது. யாரிடமும் கடிகாரம் இல்லை. நிழல் நீண்டுகொண்டே போனது. நடுவில் வண்டி நின்றுபோயிருக்குமோ, தந்தி ஆபீஸில் கூட்டமோ என்று நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன்.

வெயில் சாய்ந்த பிறகு ஸ்கூட்டர் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் வந்தார். வண்டியை நிறுத்தாமலே, "ஒரே கூட்டம், நாலே முக்காலுக்குத்தான் வாங்கினாங்க. ரசீது அவருகிட்ட இருக்குது" என்றார். பெண் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டது. அதன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையும் புளியில் பிசுபிசுவென்று ஒட்டியது.

ஆனாலும் அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே போனதும் உண்மை தெரிந்து திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அப்பாவும் பெண்ணும் காலை ரயிலில் போனார்கள். மறுநாள் சாயங்காலம் அப்பா மட்டும் திரும்பி வந்து, நேராக எங்கள் மண்டிக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"வுட்டுட்டு வந்துட்டேனுங்க" என்றார். "வூடு பரவால்ல. வூட்டுக்காரம்மா எட்டு மணிக்குக் கேட்டப் பூட்டிப்புடுது. என்னையே வெளியில நிக்க வெச்சு, நீ யாருன்னு நூறு கேள்வி கேட்டுது. அதப் பாத்தப்புறந்தான் எனக்கு நிம்மதி."

"கம்பெனில என்ன சொன்னாங்க?" என்று இவர் கேட்டார்.

"அந்த ஆபீசரு மொதல்ல பொண்ணுகிட்டக் கேட்டதே, உங்கம்மா வரலியான்னுதானுங்க. உங்கம்மாவாட்டம் ஒருத்தர்கிட்டயும் நான் இப்பிடி மாட்டிக்கிட்டதில்லன்னு சொல்றாரு. இது உண்மையச் சொல்லிப்புடுச்சு, அது எங்கம்மா இல்லீங்க, பக்கத்து வூட்டுப் பாயம்மான்னு. அவரு என்னையும் இதையும் மாறி மாறிப் பாத்தாரு.  அப்புறம் சிரிச்சுப்புட்டு, யாரா இருந்தா என்ன, நீ வந்துட்டியில்ல, போயி உக்காருன்னுட்டாரு. எதுத்த தெருக் கம்பெனி பாதிப் பேர இழுத்துக்கிச்சாம். வந்த பொண்ண வாசல்ல வெச்சா பேசிக்கிட்டு இருப்பாரு?"

நான் கதவுக்குப் பின்னாலேயே சுவரில் சாய்ந்துகொண்டேன். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். பென்னாகரம் ஜாதகத்தை அடுத்த மாதம் திருப்பி அனுப்பினார்கள். பெண் அந்தக் கம்பெனியிலேயே பல வருஷம் இருந்தது. கல்யாணமும் நல்லபடியாக, அதற்குச் சம்மதமான இடத்தில் நடந்தது.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். அந்த வீட்டில் இருந்தது ஐந்து பெண்களா நாலு பேரா, கேட் பூட்டுவது எட்டு மணிக்கா ஏழு மணிக்கா, சேர்வதற்கு ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தார்களா பத்து நாளா என்பதெல்லாம் எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். யாராவது இதை அதனிடம் படித்துக் காட்டி, சரிபார்த்துத் திருத்திக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.